குப்பைக்குள் சூடு

கையை உள்ளே விட்டதும் சுட்டது. சண்முகவடிவு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மண்ணும் சாணியும் கலந்த அந்தக் குப்பைமேட்டுக்குள் டீசல் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலை இஞ்சின் குடிக்க வேண்டிய ஒரு பீப்பாய் டீசல்.

ஆடி மழையில் அவள் புருஷன் நல்லமுத்து பார்த்த வேலை அது. இஞ்சின் ஓட்டுகிறவன். பீப்பாய்க்குக் கல் அண்டை கொடுக்காமல் விட்டான். அது சரிவில் உருண்டு வந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் அவள் போட்டிருந்த போஞ்சிக்கொடிப் பாத்தியில் மூடி தெறித்துக் கொட்டிவிட்டது. பாத்திக்குக் கீழே பீலி. லயம் முழுக்கக் குடிக்கிற தண்ணீர் அதில்தான் விழுகிறது. தோட்டத்துத் துரை காதுக்குப் போனால் வேலை போகும், குடியிருக்கும் காம்பராவும் போகும். பிரஜாவுரிமை இல்லாதவனை அடுத்த தோட்டத்தில் யார் சேர்ப்பார்கள்?

எண்ணெய் குடித்த மண்ணை இருவரும் வெட்டி, பீலிக்கு எட்டாத மேட்டில் குவித்தார்கள். நாற்றத்தை அமுக்கச் சாணியைப் போட்டுக் கலந்தார்கள். இப்போது அது கொதிக்கிறது.

"ஏங்க, உள்ள சுடுதுங்க."

"சாணின்னா சுடும்."

"சாணி மட்டுமா கெடக்கு? தீப்புடிச்சா என்னா பண்றது?"

காலையில் மேட்டிலிருந்து ஆவி எழும்பியதை நல்லமுத்துவும் பார்த்திருந்தான்.

அன்றிலிருந்து கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும், மண் குத்தும் முள்ளை எடுத்து மேட்டைக் கிளறுவாள். சூடு வெளியே போகட்டும் என்று. பிறகு தண்ணீர் தெளிப்பாள். அதுவும் அளவாக; வழிந்தால் பீலிக்கு இறங்கிவிடும். மறுநாள் மறுபடியும் சூடு. மறுபடியும் முள்ளு.

"என்னாக்கா, தெனமும் குப்பையப் பொரட்டுறீங்க?" என்றாள் அடுத்த காம்பரா நாகலெட்சுமி. "உள்ள மாமியாளப் பொதச்சு வச்சிருக்கீங்களா?"

"வாய மூடு புள்ள. போஞ்சிக்கு எரு."

"போஞ்சிதான் கருகிப் போச்சே!"

சண்முகவடிவு முள்ளை இன்னும் வேகமாகக் குத்தினாள்.

கார்த்திகையில் றோலண்ட் ஐயா வந்தார். டீமேக்கர், தொழிற்சாலை அவர் பொறுப்பு. நேராக மேட்டுக்குப் போய் ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்தார்.

"பீப்பா கொஞ்சங் கொஞ்சமா ஒழுகிப் போச்சின்னான் ஒன் புருசன். எந்தப் பக்கம் ஒழுகிச்சின்னு எனக்கு அப்போவே தெரியும்."

அவள் அவர் காலில் விழுந்தாள்.

"எழும்பு. நாளைக்குத் துரை லயம் பாக்க வாறாரு. இது நாறுனா என்னால ஒண்ணும் பண்ண ஏலாது. ஆனா எண்ணெ வாடையே அடங்கிப் போச்சே! என்னா போட்ட?"

"ஒண்ணும் போடலைங்க ஐயா. உள்ள கைய விட்டா சுட்டுச்சிங்க, தீப்புடிச்சிருமோன்னு கிளறுனேன். தண்ணி தெளிச்சேன்."

அவர் சிரித்துவிட்டார். "மண்ணுல கண்ணுக்குத் தெரியாத உசுரு கோடிக்கணக்குல கெடக்கு. சாணியத் திங்கும், எண்ணெயையும் திங்கும். அதுக்குக் காத்தும் ஈரமும் வேணும். நீ பயந்து பயந்து பந்தி போட்டிருக்க. அதுக திங்கிற சூடுதான் ஒன் கையச் சுட்டது."

"காச்சல் கொண்டுவர்ற கிருமி மாதிரிங்களா?"

"அதுகளுக்குச் சொந்தபந்தம்னு வச்சிக்கயேன்."

மறுநாள் துரையின் நாய்தான் முதலில் வந்தது. மேட்டைச் சுற்றி மோந்தது. முன்னங்காலால் பறண்டியது. சண்முகவடிவு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துரை காலில் போட்டிருந்த சப்பாத்து நுனியால் மண்ணைத் தட்டிப் பார்த்தார். "எரு" என்றார் றோலண்ட் ஐயா. துரை தலையாட்டிவிட்டு நடந்தார். நாய் காலைத் தூக்கி மேட்டில் ஒன்றுக்கு விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடியது.

"பாத்தியா, நாயே முத்திரை குத்திருச்சி," என்று நல்லமுத்து சிரித்தான். ஆடிக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவன் உள்ளே போன பிறகு அவள் மேட்டுக்குள் கையை விட்டாள். சில்லென்று இருந்தது. எண்ணெய் தீர்ந்துவிட்டது. ஒரு பீப்பாய் டீசலைத் தின்று தீர்த்தவை அத்தனையும் அங்கேதான் இருந்தன, அவள் விரல் இடுக்கில், நகக்கண்ணில். கீழே பீலியில் நாகலெட்சுமியின் பிள்ளைகள் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பசித்தால் அந்த உயிர்கள் இனி எதைத் தின்னும்?

கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் போய் ஒரு கூடை சாணி அள்ளி வந்து மேட்டில் கொட்டினாள்.