கதவில் தொங்கிய முழங்கால் பட்டைகள்

"சொல்லிட்டுத்தான் போனா!"

"ஒரு வார்த்தை சொல்லலை சார்."

"எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா."

"அப்போ நான் சொல்றேனா? ஒரே மாசத்துல மூணு நாள் பிராக்டீஸுக்கு வரலை. மூணு நாள்!"

பள்ளி விளையாட்டரங்கை ஒட்டிய அந்தச் சின்ன அறையில் இரண்டு பேர் கத்துவதற்கே இடம் போதவில்லை. ஒருவர் மைலோ குசேரா. சோளம் விளைவிக்கிறவர். இடது தோள் முறிந்து, கை கழுத்தில் மாட்டிய துணிக்கட்டில் தொங்கியது. மற்றவர் பெண்கள் கைப்பந்து அணியின் பயிற்சியாளர் லொரெய்ன் ஹாடிக்ஸ். ஓமஹா நகரத்துப் பெரிய பள்ளி ஒன்றிலிருந்து ஆகஸ்டில்தான் இந்த ஊருக்கு வந்தவர்.

மாலை ஆறரைக்கு இந்த ஆண்டின் கடைசி உள்ளூர் ஆட்டம். இறுதியாண்டுப் பெண்கள் அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு களத்துக்குள் நடந்து வருவார்கள். ஊரே எழுந்து நின்று கைதட்டும். அதற்குப் பிறகு மைலோவின் மகள் கொரின் மட்டும் நேராகப் போய் பெஞ்சில் உட்கார வேண்டும். கதவில் ஒட்டியிருந்த, இன்று ஆடுகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"நான் ஒத்தைக் கையோட நிக்கறேன். பக்கத்து நிலத்துக்காரன் புண்ணியத்துக்கு அறுவடை மிஷின் ஓட்டறான். கூடவே டிராக்டர்ல மாட்டின தானிய வண்டிய யாரு ஓட்டறது? நீங்க வந்து ஓட்டறீங்களா?"

"ஓட்டினது தப்புன்னு நான் சொல்லவே இல்லையே. சொல்லாம போனதுதான் தப்பு. சீசன் ஆரம்பத்துல தாள்ல கையெழுத்துப் போட்டீங்க இல்ல?"

"போட்டேன். அதுல என்ன இருந்துச்சு?"

லொரெய்ன் இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தார். "மரியாதை. ஒற்றுமை. முழு அர்ப்பணிப்பு."

"அப்புறம்?"

"அப்புறம் உங்க கையெழுத்து."

"அர்ப்பணிப்பு! பள்ளிக்கூடம் விட்டதும் ஓடியாந்து, இருட்டற வரைக்கும் டிராக்டரை விட்டு இறங்காம இருந்தாளே, அதுக்கு உங்க ஊர்ல வேற பேரா?"

"வரலைன்னா சொல்லணும்ங்கறதைக்கூடவா எழுதி வைக்கணும்? அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!"

"அறுவடைன்னா வரமாட்டாங்கங்கறதும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!"

இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். மூச்சு வாங்கியது. அவரவர் ஊரில் அவரவர் சொன்னது சரிதான். கஷ்டம் என்னவென்றால், இரண்டு பேரும் இப்போது இருப்பது ஒரே ஊர்.

கதவு பாதி திறந்தது. பதினேழு வயதுக் கொரின் சீருடையோடு நின்றிருந்தாள்.

"கோச், நான் சொல்லிட்டுத்தான் போனேன். மூணு தடவையும்."

"யாருகிட்ட?"

"உங்க கதவுகிட்ட."

"என்னது?"

"முழங்கால் பட்டைய உங்க கதவுக் கைப்பிடியில மாட்டிட்டுப் போனேனே!"

லொரெய்ன் கதவுக் கைப்பிடியைப் பார்த்தார். கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரு. எனக்கு ஒண்ணும் விளங்கலை. முதல்லேர்ந்து சொல்லு. கதவுல எதுக்கு மாட்டணும்?"

"பழைய கோச் பள்ளிக்கூட பஸ்ஸும் ஓட்டுவாரு. மூணரைக்கு அறையில இருக்கவே மாட்டாரு. அதனால அறுவடைக்குப் போறவங்க பட்டைய மாட்டிட்டுப் போயிடுவோம். அவரு வந்து எண்ணிப் பாத்துக்குவாரு. மறுநாள் வந்து எடுத்துக்குவோம்."

"எங்க காலத்துலயும் அதான்," என்றார், அந்தக் காலத்தில் பள்ளிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடிய மைலோ. "கால்பந்துக்காரங்க ஹெல்மெட்டை வெப்போம்."

"இத ஏன் எங்கிட்ட யாரும் சொல்லலை?"

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சோம் கோச்."

லொரெய்ன் நெற்றியைத் தேய்த்தார். "யாரோ மறந்து விட்டுட்டுப் போறாங்கன்னு நான் நினைச்சேன். எடுத்து, தொலைஞ்ச சாமான் பெட்டியில போட்டுட்டேன்."

"அதான் மறுநாள் காணோமா! கோபத்துல எடுத்து வெச்சுக்கிட்டீங்கன்னு நினைச்சேன். அடுத்த தடவை அக்காவோட பழசு, அதுக்கடுத்து அத்தை பொண்ணோடது. அது முட்டியிலயே நிக்காது, கணுக்கால்லதான் கிடக்கும்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"நீங்களும் கேட்டிருக்கலாம் கோச்."

மைலோ சிரித்துவிட்டார். தோள் வலித்ததும் நிறுத்திக்கொண்டார்.

லொரெய்ன் எழுந்து போய்ப் பெட்டியைத் தூக்கிவந்து மேசைமேல் கவிழ்த்தார். ஒற்றைக் காலுறை, தண்ணீர் பாட்டில், ஒரு தொப்பி. நடுவில் நான்கு ஜோடி முழங்கால் பட்டைகள். கொரின் தன் மூன்றைப் பொறுக்கிக்கொண்டாள். நான்காவது புத்தம் புதியது. உள்பக்கம் மையால் எழுதியிருந்தது: ஷெல்பி.

லொரெய்ன் அதை எடுத்தார். ஷெல்பி முதலாண்டுச் சிறுமி. ஒருநாள் வரவில்லை என்று எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, "அர்ப்பணிப்பு இல்லாதவங்க இங்க வேண்டாம்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை ஷெல்பியின் சீருடை துவைத்து மடித்து இந்த மேசைமேல் இருந்தது; அதற்குப் பிறகு அவள் அணிக்குத் திரும்பவே இல்லை.

"'மாட்டிட்டுத்தானே போனேன்'னு முணுமுணுத்தா," என்றார் மெதுவாக. "எதிர்த்துப் பேசறான்னு நினைச்சேன். என்னத்த மாட்டினேன்னு கேக்கவே இல்லை."

சுவருக்கு அப்பால் பந்துகள் தரையில் மோதும் சத்தம் கேட்டது.

லொரெய்ன் பட்டியலில் கொரினின் பெயரை எழுதினார். பிறகு மைலோ கையெழுத்திட்ட தாளைத் திருப்பிப்போட்டு எழுதிக்கொண்டே வாசித்தார்: "வர முடியாவிட்டால் அன்று மூன்று மணிக்குள் பயிற்சியாளரிடம் நேரிலோ போனிலோ சொல்ல வேண்டும். அறுவடைக்கு விடுப்பு உண்டு. சொல்லாமல் வராவிட்டால் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சு."

"இது விளங்குது," என்று மைலோ பேனாவை வாங்கினார். "போன தடவை படிக்காமலே போட்டேன். அது என் தப்பு."

"விளங்கற மாதிரி எழுதாதது என் தப்பு. பிள்ளைங்ககிட்ட என்ன எதிர்பார்க்கிறோம்னு முதல்லயே தெளிவா சொல்லணும் சார். சொல்லாத விதிக்குத் தண்டனை குடுக்க யாருக்கும் உரிமை இல்லை. நான் குடுத்துட்டேன்."

கொரின் தன் பட்டைகளை மாட்டிக்கொண்டு கதவுவரை போனாள். கைப்பிடியில் கை வைத்தவள் திரும்பி, மேசைமேல் கிடந்த புதுப் பட்டைகளைப் பார்த்தாள்.

"கோச், ஷெல்பி வீட்டுக்கு இத யாரு கொண்டுபோறது?"