பரிமளா காலை ஊன்றினாரா?

1.

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: இந்தக் கதை எனக்குப் பாதிதான் கிடைத்தது. மீதியை நானே தொலைத்தேன்.

அரிமளத்தில் பொங்கல் விளையாட்டு விழா. நான் சிறப்பு விருந்தினர். (பொன்னாடை கிடைத்தது. காபி கிடைக்கவில்லை.) பெண்களுக்கு மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி. கடைசியாக வருகிறவருக்குத்தான் பரிசு. தரையில் காலை ஊன்றினால் அவுட். கல்லூரிப் பெண்களுக்கு நடுவே ஐம்பத்தேழு வயது பரிமளா. ஜாக்கெட் தைத்து, சைக்கிளிலேயே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். தோற்றால் அந்தச் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று மகன் அரவிந்த்குமாரோடு பந்தயம்.

"விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரும்மா பாக்குறது?" என்றான் மகன்.

"நீ பாக்க வேணாம். அங்கிட்டுத் தள்ளி நில்லு, வழிய மறைக்காத."

2.

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'பரிமளாவின் முழங்கால்களில் காலம் தன்' — வேண்டாம். காலத்துக்கு வேறு வேலை இல்லையா?

'மனிதனின் ஆற்றல் நாற்பதுக்கு மேல்' — இது கட்டுரை. நாற்பதுக்கு மேல் என் ஆற்றல் என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.*

'சைக்கிள் ஆடியது.' — சரி, இது இருக்கட்டும்.

* கேட்டுவிட்டீர்கள். எனக்கு அறுபத்திரண்டு. மூன்று வருடமாக ஒரு கதையையும் முடிக்க முடியவில்லை. பயமாக இருக்கிறது, போதுமா?

3.

சைக்கிள் ஆடியது. ஒவ்வொருவராகக் காலை ஊன்றி விலக, மிஞ்சியது பரிமளாவும் சத்யபிரியா என்ற கல்லூரி மாணவியும்தான்.

முடிவு அ: பரிமளா விழுகிறார். நீங்கள் கண் கலங்குகிறீர்கள்.

முடிவு ஆ: ஜெயிக்கிறார். மகன் மன்னிப்புக் கேட்கிறான். (எந்த ஊர் மகன் இவன்?)

நிஜ முடிவு? தெரியாது. அந்த இடத்தில்தான் எழுந்துபோய் பஸ் ஏறினேன். எப்படியும் விழத்தானே போகிறார் என்று நினைத்துவிட்டேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

4.

விழாக் குழுவில் நம்பர் வாங்கி பரிமளாவுக்கே போன் செய்தேன்.

"நீங்க என்ன எழுதிருக்கீங்க? அத மொதல்ல வாசிங்க."

முடிவு அ-வை வாசித்தேன்.

"ஏன் சார், எம் மகன்தான் ஒங்களுக்கு எழுதிக் குடுத்தானா?"

"இல்லம்மா… நெசமா என்ன ஆச்சு?"

"அதுக்கு நின்னு பாத்திருக்கணும். வைக்கிறேன் சார், வடக்குத் தெருவுக்கு ஜாக்கெட் குடுக்கப் போகணும். சைக்கிள வெளிய எடுத்தாச்சு."

5.

சைக்கிள் இருக்கிறது, அப்படியானால் ஜெயித்துவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் துள்ளிக் குதித்தேன். பிறகுதான் உறைத்தது. தோற்றுப்போய், 'தர முடியாது, போடா' என்று மகனிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா?

ஜெயித்த பரிமளாவைப் பார்த்தால் நானும் கைதட்டுவேன். ஆனால் இந்த வயதில் எனக்குத் தேவை, தோற்ற பிறகும் சைக்கிளைத் தராத பரிமளாதான். உங்களுக்கு யார் வேண்டுமோ, எழுதிக்கொள்ளுங்கள்.