தையல்கார அக்காவின் இடது கால்

குளிர்காலத்தின் முதல் காலையில் இரண்டாம் மாடித் தையல்கார அக்காவின் இடது கால் இரண்டு விரற்கடை வீங்கியது. அதே நேரத்தில் அந்தக் கட்டடத்தின் பன்னிரண்டு வீடுகளிலும் குழாய்கள் நின்றுபோயின. மொட்டைமாடித் தொட்டி தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. குழாயில் அடைப்பும் இல்லை. அக்காவின் தம்பியே பிளம்பர் என்பதால் இதை அடித்துச் சொல்லலாம். அவர் எட்டு இடங்களில் கழற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் பளிச்சென்று இருப்பதாக அறிவித்தார். தலை நிறைய சோப்பு நுரையோடு நின்ற முதல் மாடி வாத்தியார் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார்.

வீங்கின காலையும் குழாயையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்? மூன்றாம் நாள், ஒரு குடம் தண்ணீர் இருக்குமா என்று கேட்க அக்கா மூன்றாம் மாடி நர்ஸ் வீட்டுக்குப் போனார். அவர் படியேற ஏற ஒவ்வொரு வீட்டுக் குழாயும் சொட்டியது. நர்ஸ் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் நின்றது. நர்ஸ் அவரை எழுந்திருக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், மறுபடி உட்காரச் சொன்னார். நடந்தால் ஒழுகியது, உட்கார்ந்தால் காய்ந்தது. நர்ஸ் படிக்கட்டுக்கு ஓடிவந்து, கட்டடமே அதிரும்படி கத்தினார்: "எல்லாரும் குழாயைத் திறந்து வைங்க! அக்கா நடக்கப் போறாங்க!"

ஆனால் வீங்கின காலோடு ஒரு மனுஷி எவ்வளவுதான் நடப்பார்? செய்தி காதுக்கு எட்டி வீட்டுச் சொந்தக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். "ஏம்மா, உன் ஒரு காலுக்காகப் பன்னிரண்டு குடும்பமும் காஞ்சு கிடக்கணுமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள தண்ணி வரணும். இல்லன்னா காலி பண்ணிடு." பத்தொன்பது வருடமாக அக்கா இருந்த வீடு அது. துணி வெட்டும் மேசையை அறைக்குள்ளேயே வைத்துச் செய்திருந்ததால், அது கதவு வழியாக வெளியே வரவும் வராது. அக்கா அந்த மேசைமேல் தலைவைத்து அழுதார். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

தம்பிக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். அடைத்தால் அமுக்கு. இரண்டு கட்டைவிரல்களாலும் முழங்காலிலிருந்து பாதம்வரை அழுத்தித் தள்ளினார். தண்ணீர் வந்தது, கீழேயிருந்து மேலே. பன்னிரண்டு சமையலறைத் தொட்டிகளிலும் கழிவுநீர் கொப்பளித்தது. நர்ஸ் ஓடிவந்து அவர் கையில் பட்டென்று ஒன்று வைத்தார். "கால் என்ன பைப்பா? தோலுக்கு அடியில நிணநீர் ஓடுது. ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கு, இதைத் தள்ள யாருமே இல்ல. நாம அசையணும், ஆழமா மூச்சு விடணும், அப்பத்தான் நகரும். குளிர்னு நாம சுருண்டு உட்காந்தா அதுவும் உட்காந்துடும். தடவுறதுன்னா பூனையைத் தடவுற மாதிரி, அதுவும் மேல் பக்கமா!" அன்றே அக்காவை டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் பார்த்துவிட்டு இறுக்கமான நீளக் காலுறை ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். குழாய்கள் கொஞ்சம் இருமின, அவ்வளவுதான்.

"பத்தொன்பது குளிர் பார்த்த காலு. இந்த வருஷம் மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்டபடி நர்ஸ் அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை தையல் மெஷினில் போய் நின்றது. அக்கா நாள் முழுக்க மிதித்து மிதித்துக் களைக்கிறாரே என்று, போன கோடையில் பன்னிரண்டு வீட்டாரும் ஆசை ஆசையாக அதில் ஒரு மோட்டார் பொருத்திக் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் காலுக்கு வேலையே இல்லை. வாசலில் கூடியிருந்த எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மோட்டாரைப் பொருத்திய தம்பி மட்டும் கூரையைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுச் சொந்தக்காரர் பூட்டோடு வந்தபோது தம்பி மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். பழைய பெல்ட்டை மாட்டினார். அக்கா யாரையும் பார்க்காமல் உட்கார்ந்து, ஒரு சட்டைக் காலரை ஊசிக்கு அடியில் வைத்து மிதித்தார். சுவருக்குள் ஏதோ ஏப்பம் விட்டது. அடுத்த நொடி பன்னிரண்டு வீடுகளிலும் திறந்து கிடந்த அத்தனை குழாய்களும் ஒன்றாகக் கொட்டின! குடம், அண்டா, டீ டம்ளர், கையில் அகப்பட்டதையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாத்தியார் தலையில் காய்ந்து கிடந்த நுரையைக் கழுவிக்கொண்டே பாடினார். "நிறுத்தாதீங்க அக்கா, நிறுத்தாதீங்க!" என்று படிக்கட்டெல்லாம் ஒரே கூச்சல். அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். அன்று மட்டும் ஏழு காலர்களைத் தைத்து முடித்தார். சாயங்காலம் தன் டேப்பாலேயே காலை அளந்தபோது ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. குளிர்காலத்தில் காலை ஆறு மணிக்குக் கட்டடமே கம்பளிக் காலுறை போட்டு, வயிறு நிறைய மூச்சு இழுத்து, அக்காவோடு மூன்று மாடியும் ஏறி இறங்குகிறது. போன மாதம் கீழ் வீட்டுக்குக் குடிவந்தவர் முதல் குளிர்நாளில் வாயில் பற்பசையோடு குழாயைத் திறந்தார். தண்ணீர் இல்லை. வெளியே வந்து கேட்டார். "அக்கா இப்பத்தான் கிளம்புறாங்க, நீங்களும் வாங்க" என்று தம்பி அவரையும் இழுத்துக்கொண்டார். கதையைக் கேட்டபடி இரண்டாம் மாடி ஏறும்போது புதியவருக்குக் கவலை வந்துவிட்டது. "அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா?"

ஒரு படி பின்னால் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த வீட்டுச் சொந்தக்காரர் கைப்பிடியைப் பிடித்து நின்றார். "நான் விட்டாத்தானே!" என்றார். கீழே புதியவர் வீட்டுக் குழாய் கொட்டத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு மாடி பாக்கி இருந்ததால் யாரும் அதை மூட இறங்கவில்லை.