சத்தம் வராத நாற்பது லேப்டாப்

முதல் லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றி முடித்த அன்றே சாஜித்துக்குத் தெரிந்துவிட்டது, அதில் சத்தம் வராது என்று. திரை வந்தது, வைஃபை வந்தது, விசைப்பலகை ஒழுங்காக வேலை செய்தது. ஒலி அமைப்பைத் திறந்தால் மட்டும் 'டம்மி அவுட்புட்' என்று ஒரே ஒரு வரி. உள்ளே ஸ்பீக்கர் இருப்பதையே லினக்ஸ் கண்டுகொள்ளவில்லை என்று அதற்கு அர்த்தம்.

அவன் கடை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில், பிளாஸ்டிக் சாமான் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. பழைய கணினிகளைப் பிரித்துச் சரிசெய்து பதினோரு வருடமாகப் பிழைப்பவன். வெளிநாட்டுப் பள்ளிகள் கழித்துப்போட்ட நாற்பத்தொரு சின்ன லேப்டாப்புகளை ஓர் அறக்கட்டளை வாங்கி அவனிடம் இறக்கியிருந்தது. அவற்றோடு வந்த இயங்குதளத்துக்குக் காலம் முடிந்துவிட்டதால் லினக்ஸ் போட வேண்டியிருந்தது. நாற்பதை மேடையில் வைத்துக் கொடுப்பார்கள். மிச்சம் ஒன்றை, பாகங்களுக்கு ஆகும் என்று அவனிடமே விட்டுவிட்டார்கள்.

வாங்கப்போகும் நாற்பது பேருக்கும் கண் தெரியாது. எல்லோரும் பட்டம் முடித்தவர்கள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரை வைத்துத்தான் அவர்கள் கணினியை இயக்குவார்கள். சத்தம் இல்லையென்றால் அது அவர்களுக்கு ஒரு மூடிய டப்பா.

அறக்கட்டளையின் பொறுப்பாளர் அழகுராஜாவைப் போனில் கூப்பிட்டு சாஜித் அதைச் சொன்னான்.

"அண்ணே, இதுல சவுண்டு வரல. இந்த மாடலுக்கே அப்படித்தான் இருக்கு. ரெண்டு வாரம் குடுத்தீங்கன்னா என்னன்னு பாத்துருவேன். இல்லாட்டி ஆளுக்கொரு வெளியில செருகுற யூஎஸ்பி சவுண்டு கார்டு போட்டு ஹெட்போன் குடுத்துருவோம்."

"மாப்ள, ஞாயித்துக்கெழம விழா. பத்திரிகை அடிச்சாச்சு. வயரத் தொங்கவிட்டுக் குடுத்தா பழசுன்னு தெரிஞ்சுபோகும்ல? நீ ஏத்தி அனுப்பு. பெறகு அப்டேட்டு கிப்டேட்டு போட்டுக்கிருவோம்."

"அவுகளுக்கு அதுதாண்ணே கண்ணு."

"அதான் பெறகு பாப்போம்ங்கிறேன்ல."

அடுத்த வருடம் இருநூறு லேப்டாப் வரப்போகிறது, அதுவும் உனக்குத்தான் என்று அழகுராஜா ஏற்கெனவே சொல்லியிருந்தார். சாஜித் போனை வைத்துவிட்டு, மீதி முப்பத்தொன்பதிலும் அதையே ஏற்றினான்.

பசுமலையில் ஒரு மண்டபத்தில் விழா நடந்தது. ஒவ்வொருவராக மேடையேறி வாங்கினார்கள். ஒவ்வொருவரையும் புகைப்படக்காரர் இருக்கும் பக்கம் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். கடைசி வரிசையில் நின்றிருந்த சாஜித்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மடியில் லேப்டாப்பைத் திறந்து, பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்திவிட்டு, குனிந்து காதை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு மறுபடி அழுத்தினாள். சாஜித் டீ குடிக்கப் போகிறவன்போல வெளியே வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஆறு வாரம் கழித்து அதே பெண், தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடை மாடிப்படியில் ஏறி வந்தாள். கோச்சடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். அவள் பெயர் தாமரைச்செல்வி, அம்மா செல்லத்தாய்.

"லேப்டாப்புக்கு அடியில ஒங்க கடை ஸ்டிக்கர் இருக்குன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிச்சுச் சொல்லுச்சுண்ணே" என்றாள் தாமரைச்செல்வி. "இது பேச மாட்டேங்குது. அறக்கட்டளைக்கு எம்புட்டோ தடவை போன் போட்டேன். ட்ரெயினிங் குடுக்குற மேடம் ஒருத்தங்க, ஒனக்கு ஓட்டத் தெரியலம்மா, ஷார்ட்கட்ட ஒழுங்கா மனப்பாடம் பண்ணுன்னாங்க. நான் காலேஜ்ல மூணு வருசம் இதே லினக்ஸ்லதான் படிச்சேன். இருந்தாலும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. தெனமும் உக்காந்து எல்லா கீயையும் அமுக்கிக்கிட்டே இருந்தேன்."

"திறந்தா படம் தெரியுது" என்றாள் செல்லத்தாய். "நல்லா ஓடுதே, நீதான் என்னமோ பண்ணிட்டேன்னு நானும் ஏசிட்டேன்."

சென்னைக் கம்பெனி ஒன்று, பதிவு செய்த பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலைக்கு ஆள் எடுத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். தாமரைச்செல்வியை முதல் சுற்றில் தேர்ந்தெடுத்து, சொந்தக் கணினியில் மூன்று நாள் வேலை செய்துகாட்டச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தேதி போய்ப் பதினாறு நாளாகிவிட்டது. கணினி சரியில்லை என்று அவள் எழுதியதற்கு, அடுத்த முறை விண்ணப்பியுங்கள் என்று பதில் வந்ததாம்.

சாஜித் லேப்டாப்பைத் திறந்து பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் கடத்தினான். புதுப் பழுது ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தப் பெண், தான் என்ன தப்புச் செய்தோம் என்று கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"ஒங்க மேல தப்பு இல்லம்மா" என்றான். "இதுல சவுண்டே வராது. நாப்பதுலயும் வராது. எனக்கு முன்னாடியே தெரியும்."

"முன்னாடின்னா எப்போ?"

"விழாவுக்கு முன்னாடி."

செல்லத்தாய் நாற்காலியை விட்டு எழுந்தாள். "தெரிஞ்சேவாய்யா குடுத்தீக? ராத்திரி பகலா இவ அதக் கட்டிக்கிட்டு அழுதாளேய்யா!"

தாமரைச்செல்வி அம்மாவை உட்காரச் சொன்னாள். "சரி பண்ண முடியுமா முடியாதா, அதச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள்.

மேசை டிராயரிலிருந்து ஒரு யூஎஸ்பி சவுண்டு கார்டை எடுத்துச் செருகி, ஹெட்போனைக் கொடுத்தான். அரை நிமிடத்தில் குரல் வந்துவிட்டது. அரை நிமிட வேலை! அவனுக்கே அவமானமாக இருந்தது. அவள் காதில் வைத்துக் கேட்டுவிட்டுக் கழற்றினாள்.

"எனக்கு ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டா வீட்டுக்குள்ள யாரு வாரா, அடுப்புல என்ன கொதிக்குதுன்னு எதுவும் தெரியாதுண்ணே. ஸ்பீக்கர்ல வரணும்."

"நாலு நாள் குடுங்க."

அந்த நான்கு நாளும் அவன் வேறு வேலை எதையும் தொடவில்லை. மிச்சமிருந்த நாற்பத்தொன்றாவது லேப்டாப்பில்தான் முதலில் முயன்றான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதிதாகப் போட்டான். ஒலிச் சிப்பை இயக்கும் ஃபர்ம்வேர் கோப்பு வேறு பெயரில் இருந்தது. அதைத் தேடி எடுத்து உரிய இடத்தில் வைத்தான். இப்போது லினக்ஸுக்கு ஸ்பீக்கர் தெரிந்தது. பாட்டு ஒன்றைப் போட்டதும் காதைக் கிழிக்கிற இரைச்சல் ஒன்று எழுந்து, உடனே அடங்கிப்போனது. விசைப்பலகைக்கு அடியிலிருந்து கருகிய வாடை வந்தது. பிரித்துப் பார்த்தால் இரண்டு ஸ்பீக்கரும் எரிந்திருந்தன. அளவுக்கு மீறி ஒலியைத் தள்ளும் அமைப்பு இந்த மாடலில் ஸ்பீக்கரையே எரித்துவிடும் என்று ஓர் இணைய மன்றத்தில் எச்சரித்திருந்தார்கள். அதைப் பிறகுதான் படித்தான்.

அதே மன்றத்தில் யாரோ முகம் தெரியாத ஒருவர் பொறுமையாக எழுதி வைத்திருந்த அமைப்புக் கோப்பை எடுத்து, ஒலியின் உச்ச அளவைக் குறைத்து, தாமரைச்செல்வியின் லேப்டாப்பில் போட்டான். பட்டனை அழுத்தினான். தட்டையான இயந்திரக் குரல் ஒன்று, திரையில் இருந்ததை மளமளவென்று வாசித்தது.

மறுநாள் அவள் வந்து மேசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தட்டச்சு செய்தாள். குரலின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். சாஜித்துக்கு அதில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவள் விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்க்கப் பார்க்க, அந்த மூன்று நாள் தேர்வில் இவள் நிச்சயம் தேறியிருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் நிறுத்திவிட்டு, "மத்த முப்பத்தொம்பது?" என்றாள்.

சாஜித் அழகுராஜாவுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, சவுண்டு வந்துருச்சு. எல்லார் அட்ரஸும் குடுங்க, நானே போயி போட்டுட்டு வாரேன். எனக்கு எதுவும் தர வேணாம்."

"நீ எதுக்கு இதக் கெளறுற? எல்லாரும் சந்தோசமா வாங்கிட்டுப் போனாங்க. ரிப்போர்ட்டு, போட்டோ எல்லாம் மேல போயாச்சு. இப்ப நீ வீடு வீடாப் போனா, குடுத்ததே ஓட்டைன்னு ஆயிரும்."

"ஓட்டைதானண்ணே."

"ஏத்தி விட்டது நீதான மாப்ள?" என்று சொல்லிவிட்டு அழகுராஜா போனை வைத்துவிட்டார்.

முகவரி கிடைக்காவிட்டாலும் ஒரு வாட்ஸப் குழு இருந்தது. லேப்டாப் வாங்கியவர்களில் பலர் அதில் இருந்தார்கள். தாமரைச்செல்வி அதில் குரல்பதிவு போட்டாள். ஒரு மாதத்தில் ஒன்பது பேர் கடைக்கு வந்து சரிசெய்துகொண்டு போனார்கள். வர முடியாதவர்களிடம் சாஜித்தே போனான். பெரும்பாலான வீடுகளில் லேப்டாப் இல்லை. ஒருவர் விற்றிருந்தார். ஒருவருடைய அண்ணன் தன் கடைக்கு எடுத்துப் போயிருந்தார்.

அவனியாபுரத்தில் முத்திருளன் என்பவர் வீட்டில் அது இருந்தது. அவருக்கு நாற்பது வயதிருக்கும், வரலாற்றில் எம்.ஏ. படித்தவர். லேப்டாப் அவருடைய தங்கை மகள் அஸ்வினியிடம் இருந்தது. அவள் லேப்டாப்பின் ஸ்பீக்கர் இல்லாமலே கேட்கும் புளூடூத் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து அதில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ட்ரெயினிங் மேடம் சொன்னாங்க, ஒங்க வயசுக்கு இது வராது சார்னு" என்றார் முத்திருளன். "மூணு வாரம் தடவிப் பாத்தேன். சரிதான், நமக்கு வரலன்னு பிள்ளைகிட்ட குடுத்துட்டேன்."

"ஒங்களுக்கு வரும்ணே. மெஷின்லதான் கோளாறு. இப்பவே சரிபண்ணித் தாரேன். பத்து நிமிசம்."

"மாமா, எனக்கு இதுல ப்ராஜெக்ட் இருக்கு" என்றாள் அஸ்வினி, ஹெட்செட்டைக் கழற்றாமலே.

முத்திருளன் குரல் வந்த திசையில் திரும்பிச் சிரித்தார். "விடுங்க தம்பி. ஒரு பொருள் நமக்கு வரலன்னு மனசு ஒருதடவை ஒத்துக்கிருச்சுல்ல, இனிமே அதப் போயி கெஞ்சி வாங்கிக்கிட்டு..." என்று முடிக்காமல் விட்டார். சாஜித்துக்கு வண்டியில் திரும்பி வரும்வரை அந்த வாக்கியம்தான் காதில் இருந்தது.

அடுத்த வாரம் தாமரைச்செல்வி கேட்டாள், "நடந்தத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? அறக்கட்டளையோட பெரிய ஆபீசுக்கு அனுப்பணும். ஒண்ணு, எங்களுக்கு ஓட்டத் தெரியாம இல்லன்னு அவங்க எல்லார்கிட்டயும் சொல்லணும். ரெண்டு, தப்பு அறக்கட்டளை மேலதான்னு அந்தச் சென்னைக் கம்பெனிக்கு அவங்க ஒரு வரி எழுதணும்."

எழுதினால் அடுத்த வருட இருநூறு லேப்டாப் வேலையும் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு நாள் இழுத்தான். மூன்றாவது நாள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். விழாவுக்கு முன்பே தனக்குத் தெரியும் என்பதையும், அழகுராஜாவிடம் சொன்னதையும், அவர் என்ன சொன்னார் என்பதையும் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தான்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தாமரைச்செல்வி அதைப் போனில் அனுப்பாமல், லேப்டாப்போடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்தாள்.

"பி.டி.எஃப்.னு மட்டும்தான் சொல்லுது. உள்ள இருக்கிறத வாசிக்க மாட்டேங்குது. நீங்க வாசிங்க."

அவன் திறந்து பார்த்தான். முத்திரை, கையெழுத்தோடு இருந்த காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். படத்தை ஸ்க்ரீன் ரீடரால் படிக்க முடியாது. கண் தெரியாதவர்களுக்கென்று நடக்கும் அறக்கட்டளையில் அது யாருக்கும் தோன்றவில்லை.

அவன் வாசித்தான். புகார் தீர விசாரிக்கப்பட்டது. ஒலிக் குறைபாட்டுக்குத் தொழில்நுட்பப் பணியாளரின் அலட்சியமே முழுக் காரணம். குறைபாட்டை அவர் பொறுப்பாளருக்குத் தெரிவித்ததற்கு எழுத்துமூலமான ஆதாரம் இல்லை. குறைபாட்டை அறிந்தே மறைத்ததை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இனி அந்தக் கடைக்கு எந்தப் பணியும் வழங்கப்படாது. பொறுப்பாளர் அழகுராஜாவின் பதினைந்தாண்டுச் சேவையை அறக்கட்டளை பெருமையோடு நினைவுகூர்கிறது.

"முழுசா வாசிச்சிட்டீங்களா?"

"முழுசா வாசிச்சிட்டேன்."

"சென்னைக் கம்பெனிக்கு எழுதுறதப் பத்தி?"

மேலிருந்து கீழாக இன்னொரு முறை பார்த்தான். "அதப் பத்தி ஒண்ணும் இல்ல. ஒங்க பேரே இதுல இல்லம்மா. 'பயனாளி ஒருவர்'னு போட்டுருக்கு."

தாமரைச்செல்வி கை நீட்டி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீங்க விழாவுக்கு முன்னாடியே எங்கள்ல யாராச்சும் ஒருத்தர்கிட்ட சொல்லியிருந்தா இது எதுவுமே வேண்டியிருந்துருக்காது" என்றாள். ஆறு வாரத்துக்கு அப்புறம் அந்த மாடிப்படி ஏறி வந்த நாளிலிருந்து அவள் அவனைக் குறை சொன்னது அது ஒருமுறைதான்.

அவள் அதை மூடிப் பைக்குள் வைத்து, செல்லத்தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். படியில் இறங்குவதற்கு முன், சார்ஜர் வயர் ஓரத்தில் பிய்ந்திருக்கிறது, டேப் சுற்றித் தர முடியுமா என்று செல்லத்தாய் கேட்டாள். சாஜித் சுற்றிக் கொடுத்தான்.