உட்கார மறுத்த இரண்டாம் வகுப்பு

"டூடுக்" என்றேன். உட்காருங்கள் என்று பொருள். நானே உட்கார்ந்தும் காட்டினேன். இரண்டாம் வகுப்பு மொத்தமும் நின்றுகொண்டே என்னைப் பார்த்தது. முன்வரிசை நஜீஹா விரலைச் சொடுக்கி, தண்ணீர் கொண்டு வா என்று நல்ல இந்தோனேசிய மொழியில் சொன்னாள். என்னிடம்தான்.

"நீயே போய் எடு."

"மிஸ், இந்த லாங்வேஜ்ல நாங்க சொல்லுவோம். நீங்கதான் செய்யணும்."

அமீரகத்து அஜ்மானில் இவர்கள் வீடுகளில் இந்தோனேசியப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களிடமிருந்து பிள்ளைகள் மொழியைப் பிடித்துக்கொண்டார்கள், ஏவுவதற்கு மட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். இந்தோனேசியாவில், ஜோக்ஜகார்த்தாவில் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இதைப் படித்தது, ஆளை ஏவி வேலை வாங்கச் சொல்லிக்கொடுக்கவா?

மொழிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சீதாராமன் சாரிடம் சொன்னால், அவருக்கு ஒரே சந்தோஷம். "அட, நல்லதுதானே மர்ஜானா. வியாழக்கிழமை பேரண்ட்ஸ் வர்றப்ப இதையே செஞ்சு காட்டுங்க. அவங்க பேர் குடுத்தாத்தான் அடுத்த டெர்ம் உங்க கிளாஸ். இல்லன்னா ஃப்ரெஞ்சு."

ஃப்ரெஞ்சு வந்தால் என் விசா கலாஸ்.

வியாழக்கிழமை செய்து காட்டினேன். நஜீஹா ஏவ ஏவ, ஓடினேன், குதித்தேன், தண்ணீர் கொண்டுவந்தேன். பெற்றோர் கைதட்டினார்கள். சீதாராமன் சார் எல்லோரையும் விட பலமாக.

"இப்ப என் முறை" என்று சொல்லி, "டூடுக்" என்றேன். ஒரு பிள்ளையும் அசையவில்லை.

நஜீஹாவின் உம்மா ஷம்சியா பெருமையாகச் சிரித்தார். "எங்க வூட்லயும் அப்படித்தான் மிஸ். வேலைக்கு இருக்கிற பொண்ணு சொல்லி இவ எதையும் செய்யமாட்டா."

"அப்ப இவ பாதி பாஷைதான் கத்துக்கிட்டிருக்கா மேடம். அதுவும் அதிகாரம் பண்ற பாதி."

சீதாராமன் சார் கூரையைப் பார்த்தார். சொன்னது சொன்னதுதான். ஷம்சியாவையே முன்னால் அழைத்து நிறுத்தி, "டூடுக்" என்றேன்.

அவர் முழித்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாது மிஸ். நான் அவகிட்ட பாதி அரபி, பாதி கைஜாடை."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஷம்சியாவின் முகம் சிவந்தது. நஜீஹாவுக்கு அது பொறுக்கவில்லை. "உம்மா, ஈஸிம்மா. இப்படி" என்று தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஷம்சியா அபாயாவை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் வகுப்பு முழுக்கத் தொப் தொப்பென்று உட்கார்ந்தது. நான் எழச் சொன்னேன், எழுந்தார்கள். திரும்பச் சொன்னேன், உட்கார்ந்தார்கள். தாயும் மகளும் யார் முந்துவது என்று போட்டியே போட்டார்கள்.

பெற்றோரில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஃப்ரெஞ்சுக்குப் பேர் பதியும் மேசைக்குப் போனார்கள். என் வகுப்புக்கு ஷம்சியா முதல் ஆளாகப் பேர் கொடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும்.

"கிளாஸ் நிக்கும்" என்றார் சீதாராமன் சார். "ஆனா உங்க வாயைக் கொஞ்சம் குறைக்கணும்."

"அது பாஷையோட சேர்ந்து வர்றது சார். தனியா கழட்ட முடியாது."