ஏற்றத்தில் கிடந்த மூன்று நாள்

பெற்றோல் வரிசைக்கு ஏங்குகிறவன் இந்த நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெளியே சொன்னால் செருப்பால் அடிப்பார்கள். இப்போதெல்லாம் அம்பிட்டிய ஏற்றத்துப் பெற்றோல் செட்டுக்குள் த்ரீவீலை விட்டால் இரண்டே நிமிடத்தில் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறேன். வந்ததும் மனசு என்னவோ போலாகிவிடுகிறது.

2022 ஜூலை, நாட்டில் பெற்றோலே இல்லாத காலம். ஏற்றம் முழுக்க வண்டி. எனக்கு நேர் முன்னால் நின்ற த்ரீவீல் யாருடையது தெரியுமா? என் பெண்சாதி சுதர்சினியின் அண்ணன் அழகையாவுடையது. கல்யாணத்துக்கு முன்பே அவன் என் உயிர்ச் சிநேகிதன். ஆனால் ஆறு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. 2022 கடைசியிலேயே அவன் ருமேனியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனோடு கடைசியாக நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தது அந்த வரிசையில்தான்.

பிழை என்னுடையது. மடுல்கெல்லப் பக்கம் அவன் லொறி ஓட்டிய தேயிலை ஃபெக்டரியை மூடிவிட்டார்கள். வேலையில்லாமல், சுகமில்லாத அம்மாவோடு தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தான். என் மகளின் சடங்கு வீட்டில் யாரோ, "அழகையா என்ன செய்றான்?" என்று கேட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?

"அவனா? தின்னுட்டு சும்மா கெடக்கான்" என்றேன்.

சும்மா இருக்கான் என்றால் வேலை இல்லை, பாவம் என்று அர்த்தம். சும்மா கெடக்கான் என்றால் கதையே வேறு. நாய் கிடக்கும், கால் உடைந்த கதிரை கிடக்கும். மனிதனை அப்படிச் சொன்னால் அது ஏச்சு. அவன் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சாப்பிடாமலே போய்விட்டான். மூன்று மாதத்தில் அவன் அம்மா, என் அத்தை, இறந்தார். செத்த வீட்டில்கூட அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் அந்த வரிசையைப் பார்க்க வேண்டுமே! டொக்டர், வங்கி மனேஜர், ஹாஜியார், எல்லோரும் போனில் வீட்டுக்கு ஒரே பாட்டு: "இங்கதான் கெடக்கேன்." ஒருத்தராவது "இருக்கேன்" என்று சொல்ல வேண்டுமே. கேட்கக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

எனக்குப் பின்னால் நின்றவன் அலவத்துகொட ரிஸ்மி, பேக்கரி வேன்காரன். "அண்ணன், முன்னுக்கு ஈக்கிற ஆள்ட கேளுங்களே, லைன் நகருதான்னு" என்றான். வேறு வழியில்லை. காற்றைப் பார்த்து, "நகருதா?" என்றேன்.

"இல்ல" என்றான் அழகையா, அவனும் காற்றைப் பார்த்து.

ஆறு வருடத்தில் அவனிடமிருந்து கிடைத்த முதல் சொல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, போங்கள்! அதற்குப் பிறகு அரை மணிக்கொரு தரம் அதையே கேட்டேன். "நகரல." "அசையல." "அப்படியே நிக்குது." ஒன்றும் நடக்கவில்லை என்பதைச் சொல்ல எத்தனை சொல் உண்டோ அத்தனையையும் அவன் வாயிலிருந்து பிடுங்கிவிட்டேன். இரண்டாம் நாள் ரிஸ்மி தந்த பாணில் பாதியைப் பிய்த்து நீட்டினேன். வாங்கிக்கொண்டான். ரோட்டோரத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, மலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். அந்த இருப்பு எனக்குப் போதும்போல இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவனாகவே வாயைத் திறந்தான்.

"அன்னைக்கு நான் சும்மா கெடக்கல."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"அம்மாவுக்கு எல்லாமே படுக்கையிலதான். தூக்கிக் கழுவி துணி மாத்தினது நாந்தான். எட்டு மாசமும், கண்ண மூடுற வரைக்கும்."

"பக்கத்து வீட்டு ராக்கம்மா அக்கா வந்து பார்க்குதுன்னு அத்தை சொன்னாங்களே?"

"அது ஒரு வாரம் வந்துச்சு. அப்புறம் அதுக்கே இடுப்பு புடிச்சிருச்சு. மகன் கழுவுறான்னு வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்னு அம்மா அழுதுச்சு. தங்கச்சிக்குக்கூட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு."

அடப் பாவி! அந்தச் சத்தியத்தையும் என் ஏச்சையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஆறு வருடம் திரிந்திருக்கிறான். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

அதற்குள் மேலே கூச்சல். பெற்றோல் ஏற்றிய பவுசர் வந்துவிட்டது, வரிசை அசைந்தது. மிச்சமிருக்கிற சொட்டையும் எரிக்க மனமில்லாமல் எல்லோரும் வண்டியைத் தள்ளினார்கள். அழகையா ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு தனியே முக்கினான். அந்த ஏற்றத்தில் ஒரு ஆளால் முடியுமா? என் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பின்னால் தோள் கொடுத்தேன்.

"அண்ணன், உங்கட எடத்துல வேற ஆள் பூர்றான்!" ரிஸ்மி கத்தினான். பூரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, "மன்னிச்சிருடா. நான் பேசினது பெரிய பிழைடா" என்றேன். குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. வண்டி ஒரு கணம் நின்றது. அவன் திரும்பவில்லை. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அழுறத மேல போய் அழலாம்" என்றான். "இப்ப தள்ளு மச்சான்."