வாஞ்சிநாதனின் அமெரிக்க நொச்சி

அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டர் வீட்டின் பின்வேலியோரம் ஒரு லைலாக் புதர் இருந்தது. வீட்டை விற்றுவிட்டுப் போன வெள்ளைக்காரர் நட்டது. மே மாதம் வந்தால் ஊதா நிறத்தில் கொத்துக்கொத்தாகப் பூத்து, கார் கதவைத் திறக்கும்போதே வாசனை மூக்கில் ஏறும். பதினெட்டு வருஷம் அதைத் திரும்பிப் பார்க்காத வாஞ்சிநாதன், ரிடையரான மறு மாதமே கண்டுபிடித்துவிட்டார்.

"பர்வதம், இது நம்ம நொச்சி! அமெரிக்க நொச்சி!"

"எதை வெச்சு சொல்றேள்?"

"ஊதாப் பூ, கொத்து, வாசனை. இன்னும் என்ன வேணும்?"

"அப்படிப் பாத்தா கத்தரிக்காயும் நொச்சிதான். அதையும் போட்டு ஆவி பிடிங்கோ."

பர்வதம் பள்ளிக்கூட லைப்ரரியில் வேலை பார்த்தவள். செடிகள் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, லைலாக் மல்லிகைக்குத்தான் பங்காளி, நொச்சிக்கு ஒரு உறவும் இல்லை என்று காட்டினாள். "எழுதினவன் நொச்சியைப் பாத்திருக்க மாட்டான்," என்றார் வாஞ்சிநாதன். அப்புறம் கம்ப்யூட்டரில் தேடி, ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் காய்ச்சலுக்கு லைலாக் பட்டையைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள், பூவை எண்ணெயில் ஊறப்போட்டு வலிக்குத் தேய்த்தார்கள் என்று படித்துவிட்டார். அவ்வளவுதான். மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு வால்வைத் திறக்க விடாத கெமிக்கல் இன்ஜினியர், யாரோ எழுதிய ஒரு பக்கத்தை நம்பிப் பட்டையைச் சுரண்டினார். அரை டிராயரோடு புதருக்கடியில் குப்புறப் படுத்துச் சுரண்டுகிற போட்டோவை, தானே தொடங்கிய வாட்ஸாப் மூலிகைக் குரூப்பிலும் போட்டார். நூற்றுப்பன்னிரண்டு பேர் கைகூப்பினார்கள். அன்றிலிருந்து அவர் 'வைத்தியர் சார்'.

ஜூன் முதல் வாரம் வைத்தியர் சாருக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் வலி. வேளைக்கு ஒரு டம்ளர் பட்டைக் கஷாயம்.

"மருந்து வேலை செய்யறது பர்வதம். காய்ச்சல் வெளியேறறது."

"வாசல் எந்தப் பக்கம்னு அதுக்குச் சொல்லுங்கோ. நாலு நாளா உங்களோடயே உக்காண்டிருக்கு."

பேச்சுத்தான் அப்படி. அவர் கண் அசந்தால் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பாள். கை சுடும்.

"டாக்டர்கிட்ட போலாம், வாங்கோ."

"ஞாயித்துக்கிழமை நம்மாத்துல ஆவி பிடிக்கிற டெமோ இருக்கு. வைத்தியரே டாக்டர்கிட்ட போனா குரூப் என்ன சொல்லும்?"

"நீங்க போய்ச் சேந்தா 'ஆர்.ஐ.பி.'னு போடும்."

அவர் அசையவில்லை. ஞாயிறும் வந்தது. ஹாலில் குரூப்பிலிருந்து ஒன்பது பேர். இண்டக்‌ஷன் அடுப்பில் லைலாக் இலை கொதித்தது. வாஞ்சிநாதன் வேட்டியை மடித்துக் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டார். உள்ளேயிருந்து விளக்கம் வந்துகொண்டிருந்தது. கம்பளி ஒரு பக்கம் சரிந்தது. வலது முழங்காலுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு வளையம், காபி சாஸர் அகலத்துக்கு.

அடுத்த தெரு ஃபெமினா எழுந்து வந்தாள். நர்ஸ். மூலிகையில் நம்பிக்கை இல்லாதவள். பர்வதத்தின் காபிக்காக வந்தவள்.

"அங்கிள், இது எத்தன நாளா இருக்கு?"

"விஷம் வெளில வர்ற அடையாளம்மா அது."

"உண்ணி கடிச்ச அடையாளம் அங்கிள். அதால வர்ற லைம் டிசீஸ் மாதிரி இருக்கு. செடிக்குள்ள எங்கயாச்சும் போனீங்களா?"

எங்கே போனார் என்று ஒன்பது பேருக்கும் தெரியும், போட்டோவுக்குக் கைகூப்பியவர்கள்தானே. மருந்து தேடிப் படுத்த இடத்திலேயே மனிதர் நோயை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த ஒன்பதில் ஒருவரான பத்மநாபன் பக்தியோடு கேட்டார்: "அதுக்கும் இந்தப் பட்டை கேக்குமா, வைத்தியர் சார்?"

பர்வதம் அடுப்பை அணைத்தாள்.

"எழுந்திருங்கோ."

"டெமோ பாதியில..."

"மீதியை உண்ணி காட்டிடுத்து."

"இப்பவே மாத்திர ஆரம்பிச்சா சரியாயிரும் ஆன்ட்டி," என்றாள் ஃபெமினா. "விட்டா மூட்டு, நரம்புன்னு போயிரும். நான் டிரைவ் பண்றேன்."

அர்ஜென்ட் கேர் கிளினிக்கில் டாக்டர் ஒரு சின்னப் பெண். வளையத்தைப் பார்த்தாள், ஜுரம் பார்த்தாள், கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, மூலிகை மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"நோ," என்றார் வாஞ்சிநாதன், கேள்வி முடிவதற்குள்.

பர்வதம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். தினமும் நூற்றுப்பன்னிரண்டு பேரிடம் முழங்கிய மனிதர், தெரிந்துகொள்ள வேண்டிய ஒருத்தியிடம் வாயை மூடிக்கொண்டார்.

"யெஸ்," என்றாள். லைலாக் பட்டைக் கஷாயத்தை விளக்கினாள். "த்ரீ டம்ளர்ஸ் எ டே."

டாக்டரின் விரல் நின்றது. "லைலாக்? டிட் இட் ஹெல்ப்?"

வாஞ்சிநாதன் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல, "நோ," என்றார்.

தினம் இரண்டு வேளைக்கு மாத்திரை எழுதினாள் டாக்டர். இனிப் பட்டை வேண்டாம் என்றாள். அவர் பர்வதத்தின் பக்கம் சாய்ந்தார்.

"வெறும் வயித்துலயா, சாப்ட்டப்புறமா?"

"எதிர்லதானே உக்காந்திருக்கா. அவளையே கேளுங்கோ."

கேட்டார். ரிடையரானபின் அவர் இன்னொருவரிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.